பம்மலுக்குக் காலியாகப் போன பென் டிரைவ்

பெரிய வெள்ளி ஆராதனைக்கான பாட்டுப் புத்தகத்தை டைப் அடித்தது என் மனைவி. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து, மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு சாயங்காலம் பூராவும் அடித்தாள். பென் டிரைவில் போட்டுப் பம்மல் அச்சகத்தில் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. அதுவும் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். மறுநாளிலிருந்து அங்கே கல்யாணப் பத்திரிகை நெருக்கடி.

தாம்பரம் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தேன். வைரஸே வராது என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டவனும் நானே. அந்தக் காலத்து லினக்ஸில் பென் டிரைவைச் செருகினால் மட்டும் போதாது. மவுன்ட் என்று ஒரு கட்டளை கொடுத்து, ஒரு காலி ஃபோல்டரோடு அதைப் பொருத்த வேண்டும். பிறகு அந்த ஃபோல்டரில் போடுவதெல்லாம் பென் டிரைவுக்குப் போகும். செருகினேன், ஃபோல்டரைத் திறந்தேன், பாட்டுகளை வெட்டி ஒட்டினேன். நகல் எடுத்தால் டிஸ்கில் இடம் அடைக்குமாம், அத்தனை சிக்கனம்.

ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே விட்டபடி பம்மல் போய்ச் சேர்ந்தேன். அச்சகக்காரர் திறந்து பார்த்தார்.

"இன்னா சார், காலியா கீது?"

"நல்லா பாருங்க பாய்."

"பாக்கறதுக்கு இன்னா கீது? வெறும் காத்துதான் கீது."

பென் டிரைவை வாங்கி உதறிப் பார்த்தேன். சத்தியமாக உதறினேன்.

வீட்டுக்கு வந்ததும் பென் டிரைவைச் செருகி, கட்டளை கொடுத்து மவுன்ட் செய்தேன். ஃபோல்டர் காலி. பழைய இடத்திலும் இல்லை, நான்தான் வெட்டிவிட்டேனே. இனிமேல் யாரிடமும் பீற்ற மாட்டேன் என்று கர்த்தரிடம் பேரம் பேசினேன். மனைவி திட்டவில்லை. தைல டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"மொதல்லேர்ந்து அடிக்கணுமாங்க?"

கட்டளை கொடுத்துப் பென் டிரைவை விடுவித்து உருவினேன். திரைப் பக்கம் பார்த்தவள் சொன்னாள்:

"ஏங்க, இதோ எல்லாம் இருக்கே!"

இருந்தன. முதல் தடவை நான் மவுன்ட் செய்யவே மறந்திருக்கிறேன். பாட்டுகள் கம்ப்யூட்டரின் சொந்த ஃபோல்டரிலேயே உட்கார்ந்துவிட்டன. இப்போது அதன்மேல் பென் டிரைவைப் பொருத்தினேனா, கட்டிலில் கிடக்கும் சாவிமேல் பெட்ஷீட்டை விரித்த மாதிரி, அடியில் இருந்தவை மறைந்துபோயின. பெட்ஷீட்டைத் தூக்கியதும் தெரிந்தன.

"காப்பி மட்டும் பண்ணுங்க. வெட்டற வேலை வேணாம்."

முதலில் பாட்டுகளை வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்தேன், பிறகு மவுன்ட் செய்து பென் டிரைவுக்கு. அவள் பென் டிரைவிலிருந்தே ஒவ்வொரு பாட்டாகத் திறந்து பார்த்தாள். முறைப்படி விடுவிக்கும்வரை என்னை அதைத் தொடவிடவில்லை. பிறகு அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

கடையை மூடிவிடாதீர்கள், வந்துகொண்டிருக்கிறோம் என்று அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

"வா சார், வா. இந்த தபா பாட்டையும் எடுத்துகினு வா."