ஜன்னல் இருந்தால் அறை

தெரு அவருக்கு வைத்த பெயர் முழக்கோல். நகரசபையில் வீடு அளக்கும் குமாஸ்தா. இருபது வருஷமாக அவர் எதை அளந்தாலும் யாரும் கவலைப்பட்டதில்லை. கடலுக்கு அப்பாலிருந்து பட்டாளம் வந்திறங்கி, அதை வீடுகளில் தங்கவைக்கும் சட்டமும் பின்னாலேயே வந்த பிறகுதான் அவர் தலையைக் கண்டதும் தெரு பேச்சை நிறுத்தியது.

சட்டம் எளிமையானது. ஓர் அறை வீட்டுக்கு விலக்கு. இரண்டு அறை இருந்தால் ஒன்றைச் சிப்பாய்களுக்கு விட வேண்டும். ஜன்னல் இருந்தால் அறை, இல்லாவிட்டால் கிடங்கு. இந்த ஊரை ஒருநாளும் பார்க்காதவர்கள் எழுதியது. அவர்களுடைய சபையில் இங்கிருந்து ஒருவருக்கும் இடமில்லை.

அளந்து முடித்ததும், எத்தனை சிப்பாய் என்று கதவில் சுண்ணக்கட்டியால் எண் போடுவார்.

"முழக்கோல் வருது. வயித்தை உள்ள இழுத்துக்கோ, அதையும் அறைன்னு எழுதிடும்" என்பான் சவரக்காரன், அவர் காதில் விழும்படியே.

ஒரு நாள் அவருடைய தங்கை வீட்டின் முறை வந்தது. கப்பலில் போன அவள் புருஷன் திரும்பவில்லை. முன்னறையில் சாக்கு தைத்துக் குடும்பம் நடத்தினாள். அங்கே எப்போதும் சணல் தூசி பறக்கும் என்பதால், இழுப்பு நோய்க்காரியான மகளைப் பின்னறையில் ஜன்னலடியில் படுக்க வைத்திருந்தாள். பதினொரு வயது.

"பொம்பளைப் பிள்ளையை வச்சுக்கிட்டு ரெண்டு சிப்பாயை எப்படிண்ணா உள்ள விடறது?"

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அடைச்சிட்டா உனக்கு ஒரே அறைதான்."

"அவளுக்கு இழுப்பு இருக்கே."

"ஊர்ப் பெரியவங்க மனு அனுப்பியிருக்காங்க. பதில் வந்ததும் உடைச்சிடலாம். அதுவரைக்கும் வாசக்கதவைத் திறந்து வை."

"அப்போ நான் கிடங்குலயா தூங்கணும், மாமா?" என்றாள் சிறுமி.

"ஆமா, மூட்டை மாதிரி தூங்கு."

மூவரும் சிரித்தார்கள்.

செங்கல் வாங்கி அவரே அடைத்தார். கதவில் சைபர் போட்டார். விஷயம் பரவி, ஒரே மாதத்தில் தெரு முழுவதும் ஜன்னல்கள் மூடின. அவரும் வீட்டுக்கு வீடு சைபர் போட்டுக்கொண்டு போனார். இப்போது சவரக்காரன் நாற்காலியைத் துடைத்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றான். அது அவருக்குப் பிடித்திருந்தது.

மனு கப்பலில் போய்ச்சேரவே நாலு மாதம். இடையில் மழைக்காலம் வந்தது. வாசல் கதவையும் சாத்த வேண்டியதாயிற்று. ஜன்னலை அடைத்த ஏழாம் மாதம், விடாத மழையில் ஒரு விடியற்காலை, சிறுமி மூச்சு கிடைக்காமல் இறந்துபோனாள்.

தங்கை அழுது ஓய்ந்தபின் ஒன்றுதான் கேட்டாள்.

"நீ அளந்துட்டுத்தானே சொன்ன?"

அதன்பின் அவரோடு பேசவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனு கிடைத்தது என்று ஒரே வரி.

அந்த வாரம் பட்டாளத்தின் மேல் கல் விழுந்தது. பிடிபட்டவர்களை விசாரிக்கக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். ஊர் கொதித்தது. இனி அந்த அரசோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முடிவாகி, அதற்கான காரணங்களை எழுதப் பள்ளிக்கூடத்தில் ஒரு வக்கீல் உட்கார்ந்தார். ஜனங்கள் வரிசையில் நின்று சொன்னார்கள். அவரும் நின்று, ஜன்னலை அடைத்த வீட்டில் சிறுமி இறந்ததைச் சொன்னார்.

"யாரு செஞ்சது?" என்றார் வக்கீல், எழுதிக்கொண்டே.

"நான்."

"சட்டம்னு போட்டுக்கறேன்."

"சட்டம் சிப்பாயைத்தான் அனுப்பிச்சுது. ஜன்னலை அடைக்கச் சொன்னது நான், அடைச்சதும் நான். அதையும் எழுதுங்க."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, இது அவங்க மேல நாம சொல்ற குத்தம். இதுல உங்களை எங்க எழுதறது? வீட்டுக்குப் போங்க."

பட்டியலைச் சதுக்கத்தில் வாசித்தபோது ஊரே கூடியிருந்தது. பதினேழாவது காரணம், எங்கள் வீடுகளில் காற்றை அடைத்து எங்கள் குழந்தையைக் கொன்றார்கள் என்பது. கூட்டம் முழங்கியது. "இவரோட மருமகதான்" என்று கத்தி, சவரக்காரன் அவர் கையைப் பிடித்து உயர்த்தினான். சுற்றி நின்றவர்கள் அழுதபடி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

தலைகளுக்கு மேலாக அவர் தங்கையைத் தேடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வெளியே போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட நினைத்தார். சவரக்காரன் பிடி விடவில்லை. பதினெட்டாவதை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.