உள் லைட் இல்லாத கார்

யுத்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து ஒருவன் தன் டர்போ காரைக் கொண்டுவருவான். ஒல்லி ஆள், எப்போதும் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை. டர்போ அழுத்தத்தைக் கூட்டச் சொன்னான், கூட்டினேன். ரேஸுக்குப் பாரம் குறையவேண்டுமென்று பின் சீட்டையும் கம்பளத்தையும் சின்னச் சின்னச் சாமான்களையும் தானே கழற்றினான். கழற்றிய சின்னச் சாமானை உள்ளங்கையில் வைத்து, எவ்வளவு பாரமென்று தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பொழுதுபட்ட நேரம் ஓட்டிப் பார்க்கப் போனோம். காலி வீதியில் ஆமிக்காரன் மறித்தான். ஹெட்லைட்டை அணைத்து, உள் லைட்டைப் போட்டு முகத்தைக் காட்டவேண்டும். தமிழனுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஓட்டிக்கொண்டிருந்த அவன் கையும் தானாக மேலே போனது. அங்கே ஓட்டைதான் இருந்தது. லைட்டையும் கழற்றியிருக்கிறான், மடையன்!

ஆமிக்காரன் துவக்கை நீட்டினான். மீட்டர் பார்க்க வைத்திருந்த டோர்ச்சை எங்கள் முகத்துக்கு அடித்து, "லயிட் நே மாத்தயா, லயிட் நே!" என்று, லைட் இல்லை ஐயா என்பதைச் சிங்களத்தில் கத்தினேன். அடையாள அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகவிட்டான்.

"சுட்டிருப்பானடா! அந்த லைட் என்ன பாரமடா?"

"ஒரு சின்னத் தேசிக்காய்ப் பாரம் வரும் அண்ணை."

அடுத்த நாள் அவனைக் கேட்காமலே லைட்டைத் திரும்பப் பூட்டினேன். ரேஸில் மயிரிழையில் தோற்று இரண்டாவதாக வந்தான். நேரே கராஜுக்கு வந்து, வெறும் உள்ளங்கையைத் தேசிக்காய் நிறுப்பதுபோல் என் முகத்துக்கு நேரே தூக்கித் தூக்கிக் காட்டினான்.

ஸ்பானர் என் கையில்தான் இருந்தது. ஏன் அடிக்காமல் விட்டேன் என்று இன்றும் விளங்கவில்லை.