பின் கண்ணாடிக்காரி

இனிமேல் வண்டிகளே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமாம். முன்னால் போகிற கார் பிரேக் போட்டால் பின்னால் வருகிற காருக்கு அது தானாகத் தெரிந்துவிடுமாம். வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி வந்தால் இந்தப் பக்கத்து வண்டிக்குச் சேதி வந்துவிடுமாம். எங்கள் ஷூ கம்பெனிக்கு மெஷின் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் சொன்னதாக சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொன்னார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேசட்டும், யார் வேண்டாமென்றது? ஒரு வண்டி சொல்வதை இன்னொரு வண்டி அதே அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன். கேட்டால், "பின் கண்ணாடிக்காரி ஆரம்பிச்சிட்டா" என்று சிரிப்பார்கள். அந்தப் பெயர் எனக்கு ஒட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நான் எட்டாவதோடு நின்றவள். தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூர் கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தேன். பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிவர இரண்டு வேன்கள். முதல் வேன் பழசு, மெதுவாகப் போகும், சீக்கிரம் கிளம்பும். அதை ஓட்டியவர் ஒரு பாய், வயதானவர். அதில்தான் நான். இரண்டாவது வேன் புதுசு. அது பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பி, ஏரிக்கரை வளைவுக்கு வருவதற்குள் எங்களைப் பிடித்துவிடும். அதை ஓட்டியவர் என்னைவிடச் சின்னவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். எட்டரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குள் அந்த வேன் வழியில் இன்னும் ஒரு ஊரில் ஆள் ஏற்ற வேண்டும். அதனால் தினமும் எங்களை முந்திக்கொண்டு போக வேண்டும் அவருக்கு.

அந்த இரண்டாவது வேனின் முன் சீட்டில், கதவோரம், என் தங்கச்சி. அம்மா அவளை வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்றுதான் சொன்னாள். "நான் பாத்துக்கறேம்மா" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவள் நான். சொன்ன நாளிலிருந்து எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே ரோடு, ஆனால் அவள் வேறு வண்டி. எப்படிப் பார்த்துக்கொள்வது? கடைசி சீட்டில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, பின் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அதுதான் பார்த்துக்கொள்வது.

அப்படிப் பார்த்ததில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வளைவு வரும்போது பாய் வலது பக்க லைட்டைப் போடுவார். அது எரிகிற வரைக்கும் பின்னால் வரும் தம்பி பவ்யமாக நிற்பார். லைட் அணைந்ததும் பாய்ந்து வருவார். எதிரில் பஸ் வரும். பாய் தலையில் அடித்துக்கொள்வார். மறுநாளும் இதேதான். ஒருநாள் எதிரே வந்த பஸ்ஸுக்கும் அந்த வேனுக்கும் நடுவில் கை நுழைகிற இடம்கூட இல்லை. கம்பெனி வாசலில் இறங்கியதும் இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டேன்.

"பாய், ரைட்ல லைட் போட்டா இன்னா அர்த்தம்?"

"வான்னு அர்த்தம்மா. ரைட் பக்கம் காலி, வந்துக்கோ. லாரிக்காரங்க எல்லாம் அப்டித்தான்."

"யாரு சொன்னது பாய்?" என்றார் தம்பி. "ரைட்ல போட்டா எதிர்ல வண்டி வருது, வராதன்னு அர்த்தம். வேலூர்ல எங்க வேணா போய்க் கேளு."

"வேலூர்ல நீ லாங் பஜார்ல லோடு ஆட்டோ ஓட்னவன். அங்க லைட்ட எவன் பாத்தான்? தள்ளுவண்டிக்காரன் திட்னா நீ பிரேக் போடுவ. அவ்ளோதான் உன் சிக்னல்."

இறங்கிய பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் மாத்திக்கக் கூடாதா?" என்றேன்.

"நான் எதுக்கு மாத்தணும்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை.

டிரான்ஸ்போர்ட் பார்க்கும் சாரிடம் போனேன். அவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுக்கெல்லாம் ரூல்ஸ் இருக்குதும்மா" என்றார்.

"ரூல்ஸ்ல இன்னா சார் போட்ருக்குது?"

"ரைட்ல லைட் போட்டா ரைட்ல திரும்பறேன்னு அர்த்தம்."

ஆக மூன்றாவது அர்த்தம். "உனக்குத் தையல் வேல. வண்டிய டிரைவர் பாத்துப்பாங்க, நீ போ" என்றார்.

அதற்குப் பிறகுதான் நானே அந்த ஏற்பாட்டைச் செய்தேன். கட்டிங் பிரிவிலிருந்த ஒருத்தியிடம் சொல்லி, வேஸ்ட்டாகக் கிடந்த தோலில் இரண்டு துண்டு வெட்டி வாங்கினேன். ஒன்று மருதாணிச் சிவப்பு, ஒன்று பாசிப் பச்சை. பூட்ஸுக்குள் கயிற்றுக்கு அடியில் வைக்கிற பெரிய நாக்கு இருக்கிறதே, அந்த அச்சில் வெட்டியது. இரண்டும் ஒரே அச்சு, ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. எனக்கு அதில் பெருமை. பாய் ரோட்டைப் பார்த்து, "செவப்பு" என்றோ "பச்சை" என்றோ கத்துவார். நான் அந்த நாக்கைப் பின் கண்ணாடியில் வைத்துக் காட்டுவேன். சிவப்பு என்றால் வராதே. பச்சை என்றால் வா. இதில் என்ன குழப்பம் வரமுடியும்? தம்பியும் சரி என்று தலையாட்டினார். அன்றைக்குத்தான் எனக்குப் பின் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. எனக்கே ராத்திரியில் தூக்கம் வர ஆரம்பித்திருந்தது.

ஒரு காலை தூறல். ஏரிக்கரை வளைவில் எதிரே பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிய லாரி. பாய் "செவப்பு, செவப்பு" என்று கத்தினார். காட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன். அதைப் பார்த்த தம்பி, பார்த்து நன்றாகத் தலையாட்டிவிட்டு, வேனை வெளியே எடுத்தார்.

லாரிக்காரர் ஓரத்துச் சேற்றில் இறக்கியதால்தான் எல்லோரும் பிழைத்தோம். தம்பி வேனின் கதவோரம் எங்கள் வண்டியில் உரசி, கண்ணாடி உடைந்து, தங்கச்சியின் மடி முழுக்கச் சில்லு. புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம். ஆம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள்.

"பச்சைதானேக்கா காட்டின?" என்றார் தம்பி. முகம் வெளுத்திருந்தது.

"நான் செவப்புன்னுதான் சொன்னேன்" என்றார் பாய்.

இரண்டையும் வைத்து எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். பாய் சரியாகச் சொன்னார், தம்பி சரியாகப் பார்த்தார், நடுவில் நான்தான் மாற்றிக் காட்டிவிட்டேன். "பயந்தவ கைல குடுத்தா இப்டிதான்" என்று என் காதுபடவே பேசினார்கள். முதல் நாள் சண்டை போட்டேன். இரண்டாம் நாள் சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் எனக்கே பச்சையைக் காட்டியதுபோலத் தெரிந்தது. நான் பயப்படுகிறவள்தானே, பதற்றத்தில் காட்டியிருப்பேனோ? மெஷினில் உட்கார்ந்தால் ஊசி போகிற இடம் தெரியாது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தம்பி எங்கள் கம்பெனிக்கு முதலில் வேன் ஓட்ட வந்தவர் இல்லை. தோலை நிறம் பார்த்துப் பிரிக்கிற இடத்தில்தான் சேர்த்தார்கள். அங்கே அவர் பிரித்த தோலில் தைத்த ஷூக்களில் ஒரே ஜோடியில் ஒரு கால் சிவப்புச் சாயலிலும் ஒரு கால் பச்சைச் சாயலிலும் வந்து, வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவனமில்லாத ஆள் என்று வண்டிக்கு மாற்றினார்கள். கம்பெனி முழுக்க அது ஜோக். நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை. எதற்கெல்லாமோ பயப்படுகிற எனக்கு, பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்திருக்கிறது.

அது மண்டையில் உறைத்ததும் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பின்னால் அவரைப் பிடித்தேன். இரண்டு நாக்கையும் நீட்டினேன்.

"தம்பி, இதுல செவப்ப எடு."

"இன்னாக்கா, விளையாடறியா?"

"எடு சொல்றேன்."

வாங்கினார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ஓரத்தை மடக்கிப் பார்த்தார். கடைசியில் ஒன்றை நீட்டினார். பச்சை. அவர் தோலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"தப்பா?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். நான் சிவப்பைத்தான் காட்டினேன் என்ற நிம்மதியா, என் தங்கச்சி தினமும் இந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து போகிறாளே என்ற பயமா, தெரியவில்லை.

"லைசென்ஸ் எடுக்கும்போது கண்ணு பாக்கலியா?"

"பாத்தாங்க. எழுத்து படிக்கச் சொன்னாங்க. படிச்சேன்."

"அப்ப ரோட்ல சிக்னல்?"

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போணும். அது ஒண்ணும் கஷ்டமில்லக்கா. நீதான் ரெண்டயும் ஒரே எடத்துல காட்ற. வெயில்ல ஒண்ணு கொஞ்சம் இருட்டாத் தெரியும், அத வெச்சி ஓட்டிக்கினு இருந்தேன். அன்னிக்கு மழ." கேன்டீன் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "சொல்லிடாதக்கா. வண்டியும் போச்சின்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார்.

ஒரே அச்சில், ஒரே அளவில், ஒரு பிசிறு இல்லாமல் வெட்டி வாங்கினேனே, அந்தப் பெருமையை என்ன சொல்வது? ஒன்றை உருண்டையாகவும் ஒன்றை நீளமாகவும் வெட்டியிருந்தால் போதும்.

விஷயத்தைச் சொல்லி, இதை வெளியே சொல்வதா வேண்டாமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். கிழிந்தது அவள் புருவம், அவள்தான் முடிவு பண்ண வேண்டும். புருவத்தில் பிளாஸ்திரியோடு அவள் சிரித்தாள். "அவுரே ஓட்டட்டும். அவுரு ஓட்றது எனக்கு பயமில்லக்கா. உன் கலருதான் பயம்."

வேறு அச்சில் வெட்டலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே டிரான்ஸ்போர்ட் சார் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டிவிட்டார்: வேன் கண்ணாடியில் கை, துணி, தோல் எதையும் காட்டக் கூடாது. இரண்டு டிரைவர்களும் லைட்டுக்கு ஒரே அர்த்தம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதை எழுதவில்லை.

"தலைய காட்டக் கூடாதுன்னு போடல இல்ல?" என்றாள் தங்கச்சி. "உன் தலையே போதும். ரோடு காலின்னா திரும்பி எங்களப் பாரு. உன் மூஞ்சி தெரிஞ்சா வர்றோம். கொண்டை தெரிஞ்சா வரல. இதுக்கு கலரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

எனக்கு அது பிடித்திருந்தது. நான் தூங்கிவிட்டாலும் கொண்டைதான் தெரியும், அவர்கள் நிற்பார்கள். தம்பியும், "இது எனக்கு நல்லாத் தெரியும்க்கா" என்றார். கவனமில்லாத ஆள் என்று யாராவது அவரைக் கிண்டல் பண்ணினால் அதற்குப் பிறகு நான் எழுந்து போய்விடுவேன். இப்போது அவர் வண்டி ஓட்டுவதை விட்டு வெகு நாளாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தலை ஏற்பாட்டின் முதல் நாள் வளைவு வந்தது. பாய் ரோட்டைப் பார்த்து, "காலிம்மா, திரும்பு" என்றார்.

நான் திரும்பவில்லை. காலி என்று அவருக்குத் தெரிகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம்?

"காலின்னு சொல்றேன் இல்ல, திரும்புமா."

பின்னால் ஹாரன். என் பக்கத்தில் இருந்தவள், "யக்கா, கேட் மூடிடுவாங்க, அவங்கள விடு" என்று என் முழங்கையை இடித்தாள். ஹாரனுக்கு நடுவே தங்கச்சி ஜன்னல் வழியாகக் கத்துவது கேட்டது: "திரும்புடி யக்கா!" இரண்டாவது வேனில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திட்டியிருப்பார்கள். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடிக்கு அப்பால் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி தாண்டட்டும் என்று பாய் வண்டியை உருட்டிக்கொண்டே போனார். வளைவு முழுக்க ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

ஏரிக்கரை முடிந்து, ரோடு நேராகி, தூரத்தில் புளியமரங்கள் வரைக்கும் தெரிந்த பிறகுதான் திரும்பினேன். தம்பி உடனே வந்தார். தாண்டும்போது தங்கச்சி கன்னத்தில் கையை வைத்து, மூஞ்சியைத் தொங்கப்போட்டு, என் முகம் எப்படி இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனாள்.

அன்று இரண்டு வேனுக்கும் கேட் மூடிவிட்டார்கள்.