நேப்பிள்ஸுக்கு இரண்டு பேர்

கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனோம். கூடவே மாமனார், மாமியார், கல்லூரி விடுமுறையில் இருந்த நாத்தனார். ஏரியில் படகு ஏறியபோது ஐந்து பேரும் ஏறினோம். அதற்குப் பிறகு திருப்பதி, குருவாயூர், காசி என்று எங்கே போனாலும் ஒரு வேன் நிறைய ஆட்கள், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. குறை சொல்லவில்லை, எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் என் கணவரோடு தனியாக உட்கார்ந்து சூடு ஆறாமல் ஒரு காபி குடித்த ஊர் என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது.

அதனால்தான் அவர் ஓய்வு பெற்றதும் நேப்பிள்ஸ் என்று ஆரம்பித்தேன். இத்தாலியில் கடலோரத்து ஊர். யூடியூபில் ஒரு பெண் அதன் சந்துகளில் பேசிக்கொண்டே நடந்து போனாள். எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். சந்து முடிகிற இடத்தில் கடல், அதற்கு அந்தப் பக்கம் ஓர் எரிமலை. அந்தச் சந்துகளில் ஒன்றில் மூன்றாவது மாடியில் பால்கனி வைத்த அறை ஒன்றையும் தேடிப் பிடித்துவிட்டேன். யாருக்கும் டிகாக்‌ஷன் இறக்காமல் நாலு நாள் அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும். வேறெதுவும் பார்க்காவிட்டால்கூடப் பரவாயில்லை.

“அதுக்கு எதுக்குடி இத்தாலி? நம்மாத்து பால்கனில உக்காந்துக்கலாமே” என்று சிரித்தார் அவர்.

“நம்மாத்துல உக்காந்தா காலிங் பெல் அடிக்கும்” என்றேன். அபிராமபுரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து பார்த்தவர்களுக்கு அது புரியும்.

கொலு இறக்கிய மறுவாரம் கிளம்புவதாக முடிவாயிற்று. சாப்பாட்டு மேஜையில் லாப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் ஏதாவது பார்த்தோம். அவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தார். அந்தச் சில வாரங்கள் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலவாக்கத்திலிருந்து சம்பந்திகள் வந்தார்கள். எங்கள் பெண்ணின் மாமனார், மாமியார். பிள்ளை வீட்டார். காலம் மாறிவிட்டது என்று நாமெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனாலும் அவர்கள் வருகிறார்கள் என்றால் என் கணவர் சலவை வேட்டி எடுத்துக் கட்டிக்கொள்வார். மேஜைமேல் லாப்டாப் திறந்தபடி இருந்தது. என்ன ஏது என்று சம்பந்தி மாமா கேட்டார். இவர் சொன்னார். சொன்னதோடு நிறுத்தினாரா?

“நீங்களும் வாங்கோளேன் மாமா. எல்லாருமா சேர்ந்து போனா நன்னாருக்கும்.”

நம்மிடையே இதற்கு அழைப்பு என்று பெயரில்லை. சாப்பிடும்போது யாராவது உள்ளே வந்தால் ‘வாங்கோ, ஒரு வாய் சாப்பிடலாம்’ என்கிறோம். வந்தவர் ‘இப்பத்தான் ஆச்சு’ என்பார். அத்தோடு தீர்ந்தது. சம்பந்தி மாமாவும் ‘எங்களுக்கு எங்க முடியறது, நீங்க போய்ட்டு வாங்கோ’ என்றிருக்க வேண்டும். அவரோ டம்ளரைக் கீழே வைத்தார். மாமியை ஒரு தரம் பார்த்தார்.

“இவ்வளவு ஆசையா கூப்பிடறேள். மாட்டேன்னா நன்னாருக்குமா? வரோம்” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அவர்கள் கிளம்பியதும் பிடித்துக்கொண்டேன். “வாயை வெச்சுண்டு சும்மா இருக்க மாட்டேளா?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி. சரின்னுடுவார்னு நான் கண்டேனா?”

“இப்ப வேண்டாம்னு சொல்லுங்கோ.”

“சம்பந்திகிட்டயா? குழந்தை அந்தாத்துல வாழறாடி.”

அன்றிலிருந்து மாமா நாள் தவறாமல் ஃபோன் செய்தார். அவருக்கு முழங்கால் வலி, சந்தில் மாடி ஏற முடியாது. பால்கனி அறை போயிற்று. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லிஃப்ட் வைத்த ஹோட்டல் வந்தது. அவ்வளவு தூரம் போய்விட்டு ரோமைப் பார்க்காமல் வரலாமா? வெனிஸ்? இவர் எல்லாவற்றுக்கும் ‘பேஷா’ என்றார். நாலு நாள் பத்து நாளாயிற்று, அதில் நேப்பிள்ஸுக்கு ஒரு மத்தியானம் மிஞ்சியது. ரசப்பொடி யார் எடுத்து வருவது, குக்கர் யாருடைய பெட்டியில் என்பதெல்லாம்கூடப் பேசியாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் மட்டும் தினம் ஒரு பாட்டம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார்.

பெட்டி வாங்க நாலு பேருமாகத் தி. நகர் போனோம். ஆண்கள் இருவரும் காரை நிறுத்த இடம் தேடிப் போனார்கள். கடைக்குள் பெட்டிகளுக்கு நடுவே நானும் சம்பந்தி மாமியும். மாமி என் கையைப் பிடித்தாள்.

“ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டேளே? எனக்குக் குளிர் ஆகவே ஆகாது. அவருக்கும் உள்ளூர இஷ்டமில்லை. அன்னிக்கு உங்காத்து மாமா கூப்பிட்டப்போ, மாட்டேன்னா மனசு கஷ்டப்படுவாரேன்னு சரின்னுட்டார். இப்ப எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் முழிச்சிண்டிருக்கோம். நீங்க ரெண்டு பேரும் மட்டும் போய்ட்டு வாங்கோளேன்.”

‘சரி மாமி, உடம்புதான் முக்கியம்’ என்று சொன்னால் போதும். அந்தப் பால்கனி அறை இன்னும் காலியாகத்தான் இருந்தது, முதல் நாள்கூடப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“நன்னாருக்கே! நீங்க இல்லாம நாங்க மட்டும் போறதாவது. நீங்க வரதுனாலதான் மாமி எனக்கு தைரியமே.”

சத்தியமாக நான்தான் சொன்னேன். குரல்கூட இழைந்தது.

மாமி என் முகத்தையே பார்த்தாள். நான் இன்னொரு வார்த்தை சொல்லமாட்டேனா என்று அவள் நின்ற மாதிரி இருந்தது. பிறகு என் கையை விட்டாள். “அப்படியா சொல்றேள்? சரி, வரோம்” என்றாள். இரண்டு பேரும் குனிந்து ஒரு பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்தோம்.

ஆண்கள் உள்ளே வந்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்ததும் அருகில் வந்து மெதுவாக, “ஏன் ஒரு மாதிரி இருக்கே?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இத்தனை நாளும் அவரைத் திட்டவாவது முடிந்தது. இனி அதுவும் முடியாது.