ஜெபக்குறிப்பு கிடைத்தது, சகோதரி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏரி நிரம்பி நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதம். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பக்கத்தில் எங்கள் கிராமம். அந்த மாதத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண் என் போனை நம்பிச் சாகக் கிடந்தாள். பாருங்கள், 'போனை நம்பி' என்று எழுதிவிட்டேன். 'என்னை நம்பி' என்று எழுத இப்போதும் கை வரவில்லை.

நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் ஓரம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வாய் மட்டும் இன்னும் அடங்கவில்லை. சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்கவைத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் நிஜமாகவே ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் முதலில் பதறிச் சொதப்புவது நான்தான். இந்த ரகசியம் அதுவரை என் மனைவிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அந்த வருடம் அவளைச் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியாகப் போட்டார்கள். முப்பது பெண்கள். பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை காலையில் உபவாச ஜெபம். முன்பிருந்த தலைவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமை மத்தியானம் வீடு வீடாக நடந்துபோய், "நாளைக்குக் கூட்டம், வந்துடு" என்று சொல்லிவிட்டு, யார் யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டுக்கொண்டு வருவார்கள். கேட்க இரண்டு நிமிஷம் போதும். இவர்களோ உட்கார்ந்து பேசி, எழுந்து பேசி, வாசலில் நின்று இன்னும் கால் மணி நேரம் குசுகுசுவென்று பேசி, பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள்.

என் மனைவிக்கு மூட்டு வலி. இரண்டு வியாழக்கிழமை நடந்தாள், மூன்றாவது வாரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அதே சமயம் எங்கள் போதகரும், தலைவிகள் எல்லாரும் தகவல் தொடர்பை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவைத்தார். எனக்கு அது போதாதா?

"என்னாண்ட உடு. நீ கர்த்தரப் பாத்துக்கோ, தகவல் தொடர்ப நான் பாத்துக்கறேன்," என்றேன்.

முதலில் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். முதல் வாரமே ரோஜாப்பூ படமும் காலை வணக்கமும் காணாமல்போன ஆட்டின் போட்டோவுமாக நிரம்பிவிட்டதால், நான் மட்டும்தான் அதில் எழுத முடியும்படி பூட்டினேன். ஜெபக்குறிப்பு இருக்கிறவர்கள் என் கடை நம்பருக்குத் தனியாக மெசேஜ் போட வேண்டும். போன் பண்ணக் கூடாது, கடையில் ஆள் நிற்கும். எல்லாருக்கும் அக்காவான என் மனைவிக்கு மூட்டு வலி, வீட்டுக்குப் போய்த் தொந்தரவு பண்ணவும் கூடாது.

அதற்கும் மேலே ஒரு படி போனேன். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிறார்களே, நாம் எதை அனுப்பினாலும் உடனே தானாக ஒரு பதில் வருமே, அதே ஏற்பாட்டை என் போனிலும் வைத்தேன். "ஸ்தோத்திரம் சகோதரி! உங்கள் ஜெபக்குறிப்பு கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஐக்கியம் உங்களுக்காக ஜெபிக்கும்." யார் எதை அனுப்பினாலும் ஒரே நொடியில் இது போய்ச் சேர்ந்துவிடும். நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன், போன் ஊழியம் செய்துகொண்டிருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டம் போட்டு பிரிண்ட் எடுத்து மனைவி கையில் கொடுத்துவிடுவேன். போதகர் பார்த்துவிட்டு, மற்ற ஊர்ச் சபைகளிலும் இப்படிச் செய்யலாமே என்றார். அன்று பூராவும் தாழ்மையாகத் தலையைக் குனிந்துகொண்டே நடந்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

மனைவிக்கு மட்டும் ஏதோ உறுத்தல். "இன்னாங்க இது, மழ பெய்யணும், புள்ள பாஸாவணும், மறுபடியும் மழ பெய்யணும். வேற ஒண்ணுமே வர மாட்டேங்குது?"

"கஷ்டமே இல்லாத சபை. சந்தோஷப்படுவியா, அத்த உட்டுட்டு," என்றேன்.

ஊர்க்கோடியில் ஒருத்தி இருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். நடவு வேலைக்குப் போவாள். புருஷன் போர்வெல் போடுகிற லாரியில் வடக்கே எங்கேயோ வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. ஆனால் அதற்காக ஜெபிக்கச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருப்பாள், முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "அக்கா ஒரு தரம் வூட்டுக்கு வாங்க". போன் பதில் சொல்லிவிட்டது. இதைக் கட்டத்தில் எந்த இடத்தில் போடுவது என்று தெரியாமல், அவள் பெயருக்கு நேரே 'பொதுவான ஜெபம்' என்று அடித்தேன். அடுத்த வாரம், "அக்கா எப்ப வருவீங்க". போன் பதில் சொன்னது. நான் பொதுவான ஜெபம் என்று அடித்தேன். மூன்றாம் வாரம் "அக்கா" என்று மட்டும் வந்தது. அதற்கும் பதில் போனது. அதற்கும் பொதுவான ஜெபம்.

நடுவில் ஒருநாள் மனைவி, "அந்த ஊர்க்கோடிப் பொண்ணு ரெண்டு ஞாயித்துக்கெழமையா கோயிலுக்கு வரலியே?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தகவல் தொடர்பு அதிகாரி அப்படிச் சொல்ல முடியுமா? "நடவு நேரம், வேலைக்குப் போயிருப்பா," என்று அடித்துவிட்டேன்.

அந்த மூன்றாம் வெள்ளிக்கிழமை பிரிண்டைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்குக் கோயிலுக்கு ஓடினேன். மனைவி வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் வந்ததும் நிறுத்தினாள்.

"மூணு வாரமா பொது, பொதுன்னு கீது. அவ இன்னாதான் எழுதினா?"

"எழுதினாதான் சொல்றதுக்கு? அவ நேர்லயே பேச மாட்டா..."

"போனக் குடுங்க."

கொடுத்தேன். அவள் படித்தாள். 'அக்கா' என்று ஒரு வரி, அதன் கீழே என் ஸ்தோத்திரம் சகோதரி. மறுபடி ஒரு வரி, மறுபடி ஸ்தோத்திரம் சகோதரி. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வேதாகமத்தைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்தாள், செருப்பைக்கூடப் போடாமல் நடக்க ஆரம்பித்தாள். ஐக்கியம் முழுக்கப் பின்னாலேயே போனது. நான் வண்டியில் முந்திப் போய்விடலாம் என்று பார்த்தால் சாவி நுழையவே இல்லை. கடை ஷட்டர் சாவியை வைத்துக் குத்திக்கொண்டிருக்கிறேன். மூட்டு வலிக்காரி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு விவசாயியின் மனைவி நின்றிருந்தாள். அவர்கள் எங்கள் சபைக்காரர்கள் இல்லை. எங்களைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா? அக்கா வரும், அக்கா வரும்னு சொல்லிக்கினே படுத்துட்டா. நான் கூப்ட்டா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறா. இன்னா ஏதுன்னு என்னாண்ட முழுசா சொல்லவும் இல்ல. காலீல கஞ்சி கொண்டாந்தா, கண்ணு தொறக்கல."

நானும் உள்ளே போகப் பார்த்தேன். "நீங்க வெளிய நில்லுங்க," என்றாள் மனைவி. வாசலில் நின்றபடி பார்த்தேன். கொடியில் கிழிந்த புடவைத் துண்டுகள் வரிசையாகக் காய்ந்தன. எத்தனை முறை துவைத்தும் போகாத கறை. காற்றில் ஒரு வாடை. மூன்று வாரமாக நிற்காத உதிரப்போக்கு. பக்கத்து வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, நம்பிய அக்கா துணைக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். எந்த இடம் என்று கேட்டார்கள். பயத்தில் என் வாய் வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி கடை விலாசத்தை மளமளவென்று ஒப்பித்துவிட்டது, பஸ் ஸ்டாண்ட் ஓரம், டீக்கடைக்கு அடுத்தது என்ற அடையாளத்தோடு. அவர்கள் சொன்னபடி சரியாக வந்தார்கள், என் கடைக்கு. வந்துவிட்டோம், எங்கே இருக்கிறீர்கள் என்று டிரைவர் போன் செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அது ஊருக்குத் திரும்பி வரும்வரை காத்திருக்க நேரமில்லை; பக்கத்து வீட்டுக்காரர் வயலுக்கு நாற்றுக்கட்டு ஏற்றி வைத்திருந்த குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி நின்றிருந்தது. அவர் பாதியைத் தெருவில் தள்ளினார். மீதி நாற்றின்மேல் பாயைப் போட்டு அவளைப் படுக்கவைத்தார்கள். மனைவி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நான் முன்னால். ஜெபம் பண்ணு, ஜெபம் பண்ணு என்று மனசு அடித்துக்கொள்கிறது. கண்ணை மூடினேன். வாயில் வந்தது சாப்பாட்டு ஜெபம். "இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே..." பாதியில் உறைத்தது, நிறுத்திவிட்டேன். வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எத்தையாவது சொல்லிக்கினே இரு நைனா. நிறுத்தாத."

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, அங்கிருந்தே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உடம்பில் ரத்தமே இல்லை, உடனே ஏற்ற வேண்டும், ஈடாகக் கொடுக்க ஆள் கூட்டிவாருங்கள் என்றார்கள் அங்கே. நான் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்தேன். ஊசியைப் பார்த்ததுதான் தெரியும், கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். என்னைத் தூக்கிய நர்ஸம்மா, "இன்னா சார், குடுக்க வந்தீங்களா, ஏத்திக்க வந்தீங்களா?" என்றார். குட்டி யானைக்காரரும் ஐக்கியத்துப் பெண்கள் மூன்று பேரும் கொடுத்தார்கள். எனக்கு ஒரு டம்ளர் குளுகோஸ் தண்ணீர் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். என் போன் சிணுங்கியது. புதிய நம்பர். அவள் புருஷன். பக்கத்து வீட்டம்மா அவனுக்குச் சொல்லி, எங்கள் நம்பரையும் கொடுத்திருக்கிறாள்.

"அக்கா என் சம்சாரம் உயிரோட கீதா"

நான் படித்து முடிப்பதற்குள் அதன் கீழே பதில் போய்விட்டது. ஸ்தோத்திரம் சகோதரி! உங்கள் ஜெபக்குறிப்பு கிடைத்தது.

"யாரு நீங்க. உயிரோட கீதா இல்லியா சொல்லுங்க"

ஸ்தோத்திரம் சகோதரி! வெள்ளிக்கிழமை ஐக்கியம் உங்களுக்காக ஜெபிக்கும்.

"ஐயோ சொல்லுங்களேன்"

ஸ்தோத்திரம் சகோதரி!

அதை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்பாடு செய்தவனே நான்தான், எதை எதையோ அமுக்குகிறேன். அவன் கேட்கக் கேட்க அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. மனைவி போனைப் பிடுங்கி அவனைக் கூப்பிட்டாள். "தம்பி, உள்ள கீறாப்பா. உயிரோட கீறா. நான் இங்கதான் கீறேன், எங்கியும் போவல," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரிய ஆம்பிளை ஒருவன் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் நின்று அழுகிற சத்தம், போனை அவள் காதில் வைத்திருந்தும் எனக்குக் கேட்டது.

உயிர் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் போய்விட்டது, கட்டி இருந்திருக்கிறது, இரண்டு மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே ரத்தத்தை நிறுத்திவிட்டு நிதானமாகப் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா என் மனைவியிடம் சொன்னார்கள். அவள் அதை என்னிடம் சொன்னது ஒரே ஒருமுறை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்து பாதியாகியிருந்தாள்.

"உங்க மேல கோவம் இல்லண்ணா. அந்த போனு உங்க கையில கீதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். பொம்பள சமாச்சாரத்த அதுல எப்டி எழுதறது? அதான் வாங்கன்னு மட்டும் எழுதினேன். வாங்கன்னு கூப்ட்டா வருவாங்கன்னு நெனச்சிக்கினேன்."

முப்பது பெண்கள் ஒரு வருடம் முழுக்க ஏன் மழையைப் பற்றி மட்டுமே எழுதினார்கள் என்பது அந்த வாசலில்தான் புரிந்தது.

குரூப்பைக் கலைத்துவிட்டேன். மனைவி முட்டியில் பட்டி கட்டிக்கொண்டு வியாழக்கிழமை நடக்கிறாள். தூரத்துத் தெருக்களை இன்னும் இரண்டு பெண்கள் பிரித்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் சில நாள் நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள். யார் வீட்டில் என்ன என்று கேட்டால், "உங்களுக்கு இல்ல," என்பாள்.

அந்தப் பெண்ணும் புருஷனும் செய்யாறு பக்கம் அவன் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். கர்த்தர் ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று இப்போதும் சபையில் யாராவது சாட்சி சொல்வார்கள், எல்லாரும் ஆமென் என்பார்கள். அந்த வீட்டில் இனிமேல் ஒரு குழந்தை பிறக்கப்போவதில்லை என்பதை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். ஊரில் எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லத் தெரிந்த எனக்கு, இதை மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை, வரவும் வேண்டாம்.