துப்பாக்கி அலமாரியின் சாவி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருவண்ணாமலையில் ஒரு பீரோ பட்டறையில் சேர்ந்தேன். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது என் சுபாவம். பாதி வழி போன பிறகும் திரும்பி வந்து பார்ப்பேன். முதல் நாளே முதலாளி கவனித்துவிட்டார். "டேய், உனக்கு வெல்டிங் வேணாம். பூட்டு வேலைக்குத்தான் நீ லாயக்கு" என்று சிரித்தார். இன்றுவரை அதே வேலைதான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன வருஷம் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஏழுமலை என்ற விவசாயி பட்டறைக்கு வந்தார். வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை என்பதால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். அது வீட்டு மூலையில் சும்மா சாய்ந்து கிடந்திருக்கிறது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது போலீஸ் ஸ்டேஷனில் கண்டித்துவிட்டார்கள்.

"பொண்ணு எடுத்து ஏதாவது ஆச்சுன்னா கேஸு அப்பன் மேலதான்னு சொல்லிட்டாங்கப்பா. கேஸு கெடக்கட்டும், எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு" என்றார்.

குறுகலாக ஓர் இரும்பு அலமாரி செய்து, அவர் வீட்டுச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கினேன். உள்ளே வெடிமருந்து இல்லை என்று அவர் காட்டிய பிறகும் அந்தத் துப்பாக்கியைத் தொட எனக்குக் கை வரவில்லை. அவரே உள்ளே வைத்துப் பூட்டினார்.

நம் ஊர்ப் பக்கம் வீடுகளில் சாவிக்கென்று ஓர் இடம் உண்டு. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் ஆணிதான் அது. ஏழுமலையும் புதுச் சாவியைப் பீரோ சாவிக் கொத்தில் கோத்து அங்கேயே மாட்டினார். பிறகு எனக்குக் கூலி கொடுக்க பீரோவைத் திறக்க வேண்டியிருந்தது.

"பாப்பா, சாவி எடுத்தா" என்று குரல் கொடுத்தார்.

ஆறு வயசு பவித்ரா ஓடி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கொத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். பீரோ சாவியோடு புதுச் சாவியும் ஆடியது.

 அவர் மனைவி செல்வி அந்தப் புதுச் சாவியைக் கையால் காட்டினார். "இன்னாய்யா, நீயே அவள அனுப்புறியே!"

"எப்பவும் அவதானடி எடுப்பா. பழக்கத்துல சொல்லிட்டேன். அரிசி டிரம்முல போட்டுடலாமா?"

"அரிசி அளக்கறதே நான்தான்" என்றாள் பவித்ரா பெருமையாக.

ஏழுமலை சட்டையைத் தூக்கினார். புதுச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றித் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"குளிக்கும்போது?" என்று கேட்டேன்.

"அப்பவும் இடுப்புலதாம்பா இருக்கும். போதுமா?"

எனக்குப் போதவில்லை. "இன்னொரு சாவி குடுத்தேனே?"

"அது பீரோல பத்திரமா இருக்கும்."

பீரோ சாவிக் கொத்து இன்னும் பவித்ரா கையில்தான் இருந்தது. செல்வி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "அந்த இன்னொரு சாவிய அறுத்துப் போடுங்கண்ணா."

"இடுப்புல இருக்கிறது தொலைஞ்சா?" என்றார் ஏழுமலை.

"அண்ணன் வந்து பூட்ட உடைக்கட்டும். புதுப் பூட்டு போடு. பொண்ணு போனா எந்தப் பட்டறையில செய்வ?"

ரம்பத்தால் அந்தச் சாவியை அங்கேயே இரண்டாக அறுத்தேன்.

அதுவரை பூட்டு சரியாக விழுகிறதா என்பதோடு என் கவலை நின்றுவிடும். இப்போதெல்லாம் துளை போடும் முன்பே, "சாவியை எங்க வெப்பீங்க? வீட்ல யார எடுத்தாரச் சொல்வீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைப் பார்த்தேன். நான் கேட்பதற்குள் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

"இருக்குதுப்பா. நீ நிம்மதியா தூங்கு."