அந்தெல்ம் அடைத்த பாதி

பன்றிக்குடலில் இறைச்சியை அடைக்கும்போது உள்ளே கடுகளவு காற்று தங்கினாலும் அந்தெல்ம் ஜாக்மேயின் விரல் அதைச் சொல்லிவிடும். அந்த இடத்தை ஊசியால் குத்தி, காற்றை வெளியேற்றி, நூலை இறுக்கிக் கட்டுவான். காற்று தங்கிய சோசிஸோன், அந்த இறைச்சிக்குழல், பரணில் தொங்கும்போது வெளியே நன்றாகக் காய்ந்தாலும் உள்ளே பச்சையாய்ப் பூஞ்சை பூத்துவிடும். பெலே நகரத்துக்கு மேலே இருந்த அந்த மலைக்கிராமத்தில் பன்றி வெட்டும் குளிர்காலம் வந்தால் எல்லா வீட்டிலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

இருபது வயதில் பட்டாளத்துக்குச் சீட்டு எடுக்கப் போனான். கெட்ட எண் வந்தது; பட்டாளத்தில் சேர்ந்தே ஆகவேண்டும். அன்றைக்கே கெட்ட எண் எடுத்த இன்னொருவன் பிலிபேர் மொன்னார், பக்கத்து வீட்டுக்காரன். மரம் அறுப்பவன். இருவரையும் சுரங்கம் தோண்டும் படையில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் கப்பலேற்றி எதிரியின் செவஸ்தபோல் கோட்டைக்கு எதிரே கொண்டுபோய் இறக்கினார்கள்.

முகாமுக்கு வந்த முதல் நாளே சார்ஜென்ட், "ஆறு பேர் போய்ப் பத்து சோசிஸோன் தூக்கிட்டு வாங்கடா" என்றார். ஒரு வாரமாகப் புழுத்த பிஸ்கட்டையே தின்றிருந்த அந்தெல்ம் முதல் ஆளாக ஓடினான். அங்கே கிடந்தவை சுள்ளிகளை இறுக்கிக் கட்டிய கட்டுகள். ஒவ்வொன்றும் மூன்று ஆள் நீளம். பதுங்குகுழியின் கரை சரியாமல் இருக்க அடுக்குவதற்கு. பட்டாளத்தில் அதற்கும் சோசிஸோன் என்றுதான் பெயர்.

"என்னடா, கடிச்சுப் பாத்தியா? பல்லு இருக்கா?" என்று பிலிபேர் தோளில் சுமையோடு சிரித்தான். முகாமே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

படையில் அந்தப் பெயருக்கு இன்னொரு பொருளும் இருந்தது. கெட்டித் துணியைக் குழாயாகத் தைத்து, அதில் வெடிமருந்தை அடைத்து, மரத்தொட்டிக்குள் கிடத்திச் சுரங்கத்தின் கடைசியில் இருக்கும் வெடிமருந்துப் பெட்டிவரை கொண்டுபோவார்கள். வாயிலில் தீ வைத்தால் அது குழாய் வழியே ஓடிப்போய்ப் பெட்டியைச் சேரும். நடுவில் மருந்து விட்டுப்போனால் தீ நின்றுவிடும். இல்லையென்றால் துணியில் புகைந்து புகைந்து, எப்போது என்று தெரியாமல் போய்ச் சேரும்.

அந்தெல்மின் தொழிலைக் கேட்டதும் சார்ஜென்ட் அவனிடம் புனலைக் கொடுத்தார். "உனக்கு இது புதுசில்லையே. பன்றி மட்டும்தான் இல்ல."

பிப்ரவரியில் ஒரு காலை. இருபது மீட்டர் குழாய் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்தெல்ம் பாதியும் பிலிபேர் பாதியும் அடைத்து நடுவில் சேர்த்துத் தைப்பது என்று உட்கார்ந்தார்கள். ராத்திரி பெய்த பனியில் விரல்கள் விறைத்துக் கட்டைபோல் இருந்தன. தன் பாதியின் முடிவில், கடைசி முழத்தில், விரலுக்கடியில் துணி லேசாகத் தொய்வதை அந்தெல்ம் உணர்ந்தான். பிரித்து மறுபடி அடைக்கக் கால் மணி நேரம் ஆகும். சார்ஜென்ட் நின்றபடி கத்திக்கொண்டிருந்தார். அந்தெல்ம் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

பத்து மணிக்குத் தீ வைத்தார்கள். எண்ணிக்கொண்டே காத்திருந்தார்கள். வெடிக்கவில்லை. அரைமணி நேரம் போயிற்று. எதிரியும் மறுபக்கத்திலிருந்து தோண்டிவரும் சத்தம் கேட்டது. யாராவது உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும்.

அந்தெல்ம் எழுந்தான். பிலிபேர் அவன் தோளை அமுக்கி உட்காரவைத்தான்.

"நீ அடைச்சது தப்பாப் போகுமாடா? என் பாதிதான் எங்கேயோ சொதப்பியிருக்கும். என் கை மரம் அறுக்கிற கை. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

அந்தெல்ம் வாயைத் திறந்தான். சொல்வதற்கு நேரம் இருந்தது. பிலிபேர் மண்டியிட்டு, விளக்கை முன்னால் நகர்த்தி நகர்த்தி, சுரங்க வாயிலைத் தாண்டி மெதுவாகத்தான் போனான். அவனுடைய காலணி ஆணிகள்கூடத் தெரிந்தன. அந்தெல்ம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் நிலம் தூக்கிப்போட்டது. எடுத்துப் புதைக்க எதுவும் மிஞ்சவில்லை.

ஊர் திரும்பியதும் முதலில் மொன்னார் வீட்டுக்குத்தான் போனான். பிலிபேரின் அப்பா, கிழவர் பெனுவா, அவன் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வலிச்சுதாப்பா அவனுக்கு?"

"இல்ல மாமா. ஒரு நொடிதான்."

அது உண்மைதான். அதற்குமேல் அவர் கேட்கவும் இல்லை. மகன் இடத்தில் இவனை வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு தன் மகள் பெர்னெத்தைக் கட்டிக்கொடுத்தார். கல்யாண விருந்து மேஜையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதன் முன்னால் நிரம்பிய கோப்பை ஒன்றை வைத்தார். அந்தெல்ம் அந்தப் பக்கம் திரும்பாமலேயே சாப்பிட்டான்.

அந்தக் குளிர்காலம் அவன் தன் இறைச்சிக்கடையில் சோசிஸோன் அடைக்க உட்கார்ந்தபோதுதான் பெர்னெத் கவனித்தாள். அடைத்து முடித்ததை அவிழ்ப்பான். மறுபடி அடைப்பான். மறுபடி அவிழ்ப்பான். ஊசியால் குத்திக் குத்திக் குடல் சல்லடையாகிவிடும்.

"இதையும் அவுத்துட்டீங்களா? நல்லாத்தானே இருந்துச்சு."

"காத்து இருக்கு."

"எங்க இருக்கு? நானும் தொட்டுத்தான் பாத்தேன்."

அவன் அடுத்த முடிச்சையும் அவிழ்த்தான். அவள் நூலைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அன்று பகலெல்லாம் கேட்டுக் கேட்டு அவனிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கினாள். விரலுக்கடியில் துணி தொய்ந்தது, நூலைக் கடித்தது, பிலிபேர் சொன்னது, இவன் வாயைத் திறந்து மூடியது எல்லாமே வெளியே வந்தது.

பிறகு கேட்டாள். "அடைச்சது தப்பாப் போச்சு, சரி. கை விறைச்சுப் போச்சு. அதை விடுங்க. அவன் உள்ள போறப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"நான் போகவேண்டி வரும்னு."

அவள் எழுந்து, கைகளை உப்புத்தண்ணீரில் கழுவி, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு அப்பன் வீட்டுக்குப் போனாள். பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். நீங்க சொல்லியிருக்கணும். உங்களால ஆகாது" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து அடைக்கும் வேலை முழுக்க அவளுடையது. வெட்டுவதும் உப்பிடுவதும் அவன் பொறுப்பு.

கிழவர் ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பழிக்கவும் இல்லை. மாப்பிள்ளை கடை வாசலை மிதிப்பதை மட்டும் நிறுத்தினார். சோசிஸோன் வேண்டுமென்றால் மூட்டு வலியோடு பெலேவுக்கு இறங்கிப் போய் வாங்கிவந்தார். வழியில் அந்தெல்மைக் கண்டால் தொப்பியைத் தொட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஆளைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவார். ஒன்பது ஆண்டுகள் அப்படிப் போயின. பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்வார். அவர்களுடைய அப்பன் பெயரை ஒருநாளும் எடுத்ததில்லை.

அவர் படுக்கையில் விழுந்தபோது அந்தெல்ம் ஒருமுறை போனான். கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, நான்..."

"தெரியும்" என்று கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடக்கத்தன்று மழை. அந்தெல்ம் கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை. மதிலுக்கு வெளியே நின்றான். ஜனங்கள் அவனைப் பார்த்துக்கொண்டே கலைந்தார்கள். அவன் ஏன் உள்ளே வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசியாகப் பெர்னெத் வந்தாள். கறுப்பு முக்காடு நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. அவன் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள்.

"பிள்ளைங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. நடங்க" என்றாள்.

அவள் முன்னே போக, அவன் நாலடி பின்னால் நடந்தான்.